பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிய தாள்: குடும்ப ஆலோசனை மையத்தாருக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு,

இந்த ஆண்டு தொடக்கத்தில் நீங்கள் கொண்டுவந்த விதியை எதிர்த்து இதை எழுதுகிறேன். மையத்துக்கு வரும் கணவனும் மனைவியும் முதல் நாளே 32 கேள்விகள் கொண்ட ஒரு தாளை நிரப்ப வேண்டும். இருவருடைய மதிப்பெண்ணையும் கூட்டிச் சராசரி எடுக்கிறீர்கள். 100-க்கு மேல் வந்தால் 'இணக்கமான உறவு' என்று கோப்பில் எழுதி, நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிடுகிறீர்கள். கீழே வந்தவர்களுக்கு மட்டும்தான் அடுத்த அமர்வு. ஆலோசகர்கள் குறைவு, வருகிறவர்கள் அதிகம், யாரை முதலில் பார்ப்பது என்று முடிவு செய்ய ஏதாவது ஒரு வழி வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். கவலை நியாயமானது. பிடித்த வழி நியாயமானது அல்ல.

மையத்தின் பெயரை நான் எழுதவில்லை. வாசித்ததும் உங்களுக்கே தெரிந்துவிடும். இதே தாளைக் கையில் எடுக்க நினைக்கும் மற்ற மையங்களும், திருமணத் தயாரிப்பு வகுப்பு நடத்தும் சபைகளும் கத்தோலிக்கப் பங்குகளும் படித்தால் நல்லது என்பதால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என்னிடம் படித்த பிள்ளைகள் இன்று கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, வீட்டில் தாங்க முடியாமல் போகும்போது "டீச்சர், ஒண்ணு கூட வருவியளா?" என்று போன் செய்கிறார்கள். போகிறேன். அதனால் உங்கள் வராந்தாவில் போட்டிருக்கும் பெஞ்சை எனக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தாள் அங்கே எப்படி நிரப்பப்படுகிறது என்பது நீங்கள் கூட்டம் போடும் உள்ளறையிலிருந்து தெரியாது என்று நினைக்கிறேன்.

பங்குனி வெயில் தகர ஷீட்டில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு மதியம். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், வேலை பார்க்கிற ஒரு பெண்ணோடு வந்திருந்தேன். அண்டி தல்லித் தல்லி விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து கிடந்தது. பேனாவைப் பிடித்த இடத்தில் தாளிலும் கறை. அவளுக்கு வலப்பக்கம் கணவர், இடப்பக்கம் மாமியார். தாள்கள் இரண்டு, பேனா ஒன்று. கணவர் தன்னுடையதை வேகமாக முடித்துவிட்டு அவளுடைய தாளை எட்டிப் பார்த்தார். குடும்பச் செலவைக் கையாள்வதில் நீங்கள் இருவரும் எந்த அளவு ஒத்துப்போகிறீர்கள் என்ற கேள்வியில் அவள் பேனா நின்றது. "அதுல என்ன யோசனை, எப்பவும்னு போடு பிள்ளே" என்றார். போட்டாள். அதற்கு அடுத்ததும் எப்பவும். அதற்கும் அடுத்ததும். மாமியார் தாளைப் பார்க்கவே இல்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் அலுவலர் மேசையை விட்டு எழுந்து வரவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு முன்னால் இன்னும் நாலு கோப்பு கிடந்தது.

பஸ் ஸ்டாப்பில் கேட்டேன். "அவிய பக்கத்துல இருக்கும்ப வேற என்னத்த டீச்சர் போடுவேன்?" என்றாள்.

அவர்களுடைய சராசரி 100-க்கு மேல். கோப்பு மூடப்பட்டது. அவள் சம்பளம் முழுவதும் யார் கைக்குப் போகிறது, மிச்சம் கிடக்கும் சீதனத்துக்காக மாதம் தவறாமல் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை அவள் வாயால் சொல்ல அன்று யாரும் கேட்கவில்லை.

உளவியல் படித்த என் மகளிடம் அந்தத் தாளைக் காட்டினேன். தலைப்பில் மூலம் எதுவென்று இல்லை. ஆனால் 32 கேள்வியும் 151 என்ற உச்ச மதிப்பெண்ணும் காட்டிக்கொடுத்துவிட்டன. அமெரிக்காவில் கிரஹாம் ஸ்பேனியர் 1976-இல் வெளியிட்ட இணையர் ஒத்திசைவு அளவுகோல் அது. உலகம் முழுக்க அதிகம் பயன்பட்ட கருவிகளில் ஒன்று, மோசமான கருவியும் அல்ல. ஆனால் அது மதிப்பெண் போடும் முறையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 151-இல் 65 மதிப்பெண் 'ஒத்துப்போதல்' என்ற ஒரே பகுதிக்கு. பணம், பொழுதுபோக்கு, வீட்டு வேலை, பெற்றோரையும் மாமனார் மாமியாரையும் நடத்தும் விதம், பெரிய முடிவுகள் என்று 13 விஷயங்கள். ஒவ்வொன்றிலும் 'எப்போதும் ஒத்துப்போகிறோம்' என்றால் 5, 'எப்போதும் முரண்படுகிறோம்' என்றால் 0. பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தவர்களுக்கும் 5. வாயே திறக்க விடாத வீட்டில் தலையாட்டிக்கொண்டிருப்பவளுக்கும் 5. மறுத்துப் பேசத் துணிந்த பெண்ணின் மதிப்பெண்தான் இறங்கும். எங்கள் ஊரில் வாய் செத்தவள் வீடுதான் இந்தத் தாளின்படி நல்ல குடும்பம்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. எத்தனை முறை சண்டை, எதில் முரண்பாடு என்பதெல்லாம் வீட்டில் நடப்பதைப் பற்றிய கேள்விகள், இந்த வாழ்க்கையில் உனக்கு நிறைவு உண்டா என்பது வேறு வகைக் கேள்வி, இரண்டையும் ஒரே மொத்தத்தில் கூட்டினால் எதை அளந்தோம் என்றே தெரியாமல் போகும் என்று ஃபிஞ்சம், பிராட்பரி இருவரும் 1987-இல் எழுதினார்கள். அதற்கு முன்பே, 1983-இல், நார்ட்டன் வெறும் ஆறு கேள்விகளில் நிறைவை மட்டும் கேட்கும் அளவுகோலைச் செய்தார். அதற்கும் முன்னால் 1967-இல் எட்மண்ட்ஸ் என்பவர், தங்கள் கல்யாண வாழ்க்கையை ஊர் மெச்சும்படி மெருகேற்றிச் சொல்கிறவர்களைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு அளவுகோலே உருவாக்கினார். நம்முடைய தாளில் அதற்கு ஒரு கேள்விகூடக் கிடையாது. வீட்டு விஷயம் வெளியே போனால் மானம் போச்சு என்று வளர்க்கப்பட்டவர்கள் நிரப்பும் தாளில்!

இன்னும் பழைய ஒன்று, லாக்-வாலஸ் பரிசோதனை, 1959. அதில் ஓய்வு நேரத்தில் வீட்டில் இருக்கவே விருப்பம் என்று இருவரும் சொன்னால் 10 மதிப்பெண், வெளியே சுற்றவே விருப்பம் என்று இருவரும் சொன்னால் 3. இருவரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள், ஆனாலும் ஒரு ஜோடிக்கு 7 மதிப்பெண் குறைவு. கேள்வித்தாள் எழுதுகிறவர்களுக்கும் நல்ல குடும்பம் என்றால் இப்படித்தான் என்று மனசில் ஒரு படம் உண்டு. அந்தப் படத்துக்குத்தான் மதிப்பெண்.

32 கேள்விகளிலும் இல்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். அடிக்கிறாரா என்று ஒரு கேள்வி இல்லை. குடியைப் பற்றி இல்லை. சீதனத்தைப் பற்றி இல்லை. மாமனார் மாமியார் விஷயத்துக்கு ஒற்றைக் கேள்வி. உங்கள் பெஞ்சில் வந்து உட்காருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள் என்று உங்கள் ஆலோசகர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

சராசரி எடுக்கும் யோசனை யாருடையது என்று தெரியவில்லை. கணவர் 130 எடுக்கிறார், மனைவி 76 எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 103, கோப்பு மூடல். ஸ்பேனியரின் ஆய்வில் மணமுறிவு பெற்றவர்களின் சராசரி 70.7, மணவாழ்வில் இருந்தவர்களுடையது 114.8. அதாவது அந்த மனைவி விவாகரத்துக்குப் பக்கத்து வீட்டில் நிற்கிறாள். கணவரின் திருப்தியைக் கடன் வாங்கி அவளை நீங்கள் பாஸ் ஆக்கி அனுப்புகிறீர்கள். கணக்கு வாத்தியார் யாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். இருவருக்கும் இடையிலுள்ள 54 மதிப்பெண் இடைவெளிதான் அந்த இரண்டு தாள்களிலும் உள்ள ஒரே செய்தி, அதைத்தான் சராசரி அழித்துவிடுகிறது.

100 என்ற எல்லைக்கோடும் வானத்திலிருந்து இறங்கியது அல்ல. ஸ்பேனியர் மதிப்பெண்களை ஒப்பிட்டது பென்சில்வேனியா மாநிலத்தின் ஒரு பகுதியில் மணவாழ்வில் இருந்த 218 பேரையும், மணமுறிவு பெற்ற 94 பேரையும் வைத்து. தக்கலையில் வாழ்கிற குடும்பத்துக்கு அந்த எண் பொருந்துமா என்று இங்கே ஒரு நூறு பேரிடமாவது நீங்கள் சோதித்தீர்களா? சரி, பொருந்தும் என்றே வைத்துக்கொள்வோம். அவர் சொன்ன நம்பகத்தன்மை, அதாவது மதிப்பெண் எவ்வளவு நிலையானது என்பதைச் சொல்லும் எண், 0.96. உச்சம் 1 என்பதால் அது மிக நல்ல எண்தான். அப்படியிருந்தும் ஒருவருடைய மதிப்பெண் எந்தக் காரணமும் இல்லாமலே மூன்றரைப் புள்ளி முன்பின் ஆகும். உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் இருபக்கமும் ஏழு விட வேண்டும். 97-க்கு அமர்வு உண்டு, 102-க்கு இல்லை என்பது குலுக்கல் சீட்டு.

தவறு ஒரு பக்கமாக மட்டும் நடக்கவில்லை. மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஒருவரும் குளச்சல் பக்கத்திலிருக்கும் அவர் மனைவியும் பிள்ளையின் படிப்பு விஷயமாக ஒரு மனத்தாங்கலைப் பேசித் தீர்க்கத்தான் மையத்தை அணுகினார்கள். அவருக்குத் தாள் வாட்ஸாப்பில் போயிற்று. ஒரே அறையில் தன்னோடு தங்கியிருப்பவர்களுக்கு நடுவே, கட்டிலில் உட்கார்ந்து நிரப்பி அனுப்பினார். வெளியே எதிலாவது சேர்ந்து ஈடுபடுகிறீர்களா, ஒரு வேலையைச் சேர்ந்து செய்கிறீர்களா, தினமும் முத்தமிடுவது உண்டா என்றெல்லாம் கேட்டால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருகிறவர் என்ன பதில் போடுவார்? இருவருமே நேர்மையாக 'ஒருபோதும் இல்லை' என்று போட்டார்கள். தாள் அவர்களைச் 'சிக்கலான உறவு' என்று முத்திரை குத்தியது. தினமும் ராத்திரி பத்து மணிக்கு வீடியோ காலில் சிரித்துப் பேசுகிற இரண்டு பேருக்கு, உங்களுக்குள் பெரிய பிரச்சினை இருக்கிறது என்று உங்கள் ஆலோசகர் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் தூங்கவில்லை.

தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கம் இன்னொரு விதம். தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போன ஆள் வாரக்கணக்கில் கரைக்கு வருவதில்லை. படகு கரை பிடித்த வாரத்தில் கேட்டால் ஒரு பதில் வரும், வள்ளத்தைத் தள்ளிவிட்ட மறுநாள் கேட்டால் வேறு பதில், கடலில் காற்று மாறிப் போன் எடுக்காத ராத்திரிக்கு அடுத்த நாள் கேட்டால் முற்றிலும் வேறு பதில். அந்தப் பெண்களிடம் 'பொதுவாக எப்படி' என்று கேட்கிறது உங்கள் தாள். அவர்கள் வாழ்க்கையில் பொதுவாக என்று ஒன்று கிடையாது.

கேள்வித்தாளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2020-இல் 43 ஆய்வுகளை ஒன்று சேர்த்து, 11,196 ஜோடிகளின் பதில்களைக் கணினி வைத்து அலசி ஒரு கட்டுரை வந்தது. ஒருவர் தன் உறவைத் தானே எப்படி உணர்கிறார் என்ற பதில்கள், அந்த நேரத்து உறவின் தரத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 45 சதவீதம் வரை விளக்கின. கேட்டால் மனிதர்கள் சொல்வார்கள், அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதே கட்டுரை இன்னொன்றையும் சொன்னது. யாருடைய உறவு போகப் போக மேம்படும், யாருடையது சரியும் என்ற மாற்றத்தை இந்தப் பதில்களை எப்படிச் சேர்த்துப் பார்த்தும் பெரும்பாலும் கணிக்க முடியவில்லை. முதல் நாள் மதிப்பெண்ணை வைத்துக் கோப்பை மூடுவது என்பது, இனி இவர்களுக்கு உதவி தேவைப்படாது என்ற கணிப்பு. 11,196 ஜோடிகளை வைத்துச் செய்ய முடியாததை ஒரு மதியத்தில் செய்கிறீர்கள்.

இதெல்லாம் அளவையின் குறை. அடுத்தது அபாயம், எனக்கு இதுதான் பெரிது.

பெண்கள் மீதான வன்முறையைப் பற்றிக் கேட்கிறவர்கள் என்னென்ன எச்சரிக்கை எடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2001-இலேயே எழுதிவைத்திருக்கிறது. நம் நாட்டின் தேசிய குடும்ப நல ஆய்வும் அப்படித்தான் செய்கிறது. ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் அந்தக் கேள்விகள், அதுவும் தனிமையில். வேறு ஆள் வந்து நின்று தனிமை கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியையே கேட்காமல் விட்டுவிட வேண்டும். பெயர் வெளியே வராத கணக்கெடுப்புக்கே இவ்வளவு கவனம். நீங்கள் பெயர், ஊர், செல் நம்பர் எல்லாம் எழுதிய தாளில், கணவரின் தோள் உரசும் தூரத்தில் உட்கார்த்திவைத்து, 'இவரைக் கட்டியதற்காக வருந்தியதுண்டா' என்று கேட்கிறீர்கள். உண்மையைப் போட்டவள் அதே ஸ்கூட்டரில், அதே ஆளின் பின்னால் உட்கார்ந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

அந்தத் தாள் எங்கெல்லாம் போகிறது என்பதையும் யோசியுங்கள். குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984-இன் 14-வது பிரிவு, வழக்கைத் தீர்க்க உதவும் என்று நீதிமன்றம் கருதும் எந்த அறிக்கையையும் ஆவணத்தையும், சாட்சியச் சட்டத்தின்படி ஏற்கத்தக்கதா என்று பாராமலே எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. எனக்குத் தெரிந்த ஒரு வழக்கில் மனைவி தானே டிக் போட்ட தாளின் நகல் எதிர்த்தரப்பு வக்கீலின் ஃபைலில் இருந்தது. "ஆறு மாசத்துக்கு முன்னால எல்லாம் ஒத்துப்போகுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே" என்று அவர் கேட்டார். நகல் எப்படிப் போனது என்ற கேள்விக்கு இன்றுவரை உங்கள் அலுவலகத்திலிருந்து பதில் இல்லை.

நேரில் கேட்டபோது எனக்குக் கிடைத்த பதில், "நம்ம மாவட்டம் படிச்ச மாவட்டம், எல்லாரும் வாசிச்சு நிரப்புவாங்க" என்பது. உண்மைதான், 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடம். அந்தப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி, பெருமை எனக்கும் உண்டு. அண்டி ஆபீஸ் பெண்ணும் வாசித்துத்தான் டிக் போட்டாள். வாசிக்கத் தெரிந்ததால் பக்கத்தில் இருப்பவர் மீதான பயம் போய்விடாது. சொல்லப்போனால் வாசிக்கத் தெரியாத பெண்களின் நிலை உங்கள் மையத்தில் சற்று மேல். அவர்களை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, ஆலோசகர் வாயால் கேட்கிறார். அங்கேதான் பாதி உண்மை வெளியே வருகிறது.

இனி நான் கேட்பவை.

100 என்ற எல்லைக்கோட்டை வைத்துக் கோப்பை மூடும் விதியை உடனே நிறுத்துங்கள். இந்த ஆண்டு அப்படி மூடிய கோப்புகளை மறுபடி திறந்து, அந்தப் பெண்களை அழையுங்கள். அழைக்கும்போது வீட்டுப் போனுக்கோ கணவர் போனுக்கோ வேண்டாம். அவள் பதிவு செய்யும்போதே எந்த நம்பரில், எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கணவனும் மனைவியும் தனித்தனி அறையில், தனித்தனி ஆலோசகரிடம் பேசிய பிறகுதான் எந்தத் தாளும். அறை இல்லையென்றால் தனித்தனி நாளில். தாளுக்கு முன்னால், அடி உண்டா, பயம் உண்டா, இன்றைக்கு வீட்டுக்குப் போவது பாதுகாப்பா என்று வாயால் கேளுங்கள். ஆம் என்றால் தாளை மடித்து வைத்துவிட்டு, குடும்ப வன்முறைச் சட்டப்படி உள்ள பாதுகாப்பு அலுவலரிடமோ, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒன் ஸ்டாப் சென்டருக்கோ அவள் சம்மதத்தோடு அனுப்புங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை வராந்தாவில் ஒட்டினால் போதாது, பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கமும் ஒட்டுங்கள்.

எண் கட்டாயம் வேண்டும், நிதி தருகிறவர்கள் கேட்கிறார்கள் என்றால் நீளமான தாள் தேவையே இல்லை. ஃபங்க், ரோக் இருவரும் 2007-இல் வெளியிட்ட இணையர் நிறைவுக் குறியீட்டின் சிறு வடிவத்தில் நாலே கேள்விகள்தான். (ஆங்கிலத்தில் அதன் சுருக்கம் சி.எஸ்.ஐ. நம் ஊரில் அப்படிச் சொன்னால் எந்தச் சபை என்றுதான் கேட்பார்கள். விளக்கிச் சொல்லுங்கள்.) இந்தியக் குடும்பங்களை மனசில் வைத்துச் செய்தது வேண்டுமென்றால், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த அனிஷா ஷா 1995-இல் உருவாக்கிய மணவாழ்வுத் தர அளவுகோல் இருக்கிறது. 50 கேள்விகள், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனித் தாள். எதை எடுத்தாலும், அண்டி ஆபீஸ், ரப்பர் தோட்டம், கடற்கரை, வளைகுடாக் குடும்பம் என்று எல்லாத் தரப்பிலும் முதலில் சிலரிடம் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் என்னவென்று புரிந்துகொண்டு பதில் போட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இருவர் மதிப்பெண்ணைச் சராசரி எடுக்கவே வேண்டாம். பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இடைவெளி பெரிதாக இருந்தால் அதையே காரணமாக வைத்து அடுத்த அமர்வுக்கு அழையுங்கள்.

நிரப்பிய தாள்களைக் கோப்பிலிருந்து பிரித்து, பெயருக்குப் பதிலாக எண் போட்டு, பூட்டுள்ள அலமாரியில் வையுங்கள். நிரப்பியவர் எழுத்தில் சம்மதம் தராமலோ நீதிமன்றம் ஆணையிடாமலோ நகல் வெளியே போகக் கூடாது. இதுவரை யாருக்கெல்லாம் போனது என்று விசாரித்து, சம்பந்தப்பட்ட பெண்களுக்குத் தெரிவியுங்கள்.

உங்கள் அடுத்த கூட்டத்துக்கு அந்த வராந்தாவில் உட்கார்ந்து போன பெண்களில் விருப்பமுள்ள சிலரை அழையுங்கள். நானும் வருகிறேன், பஸ் காசு என்னுடையது. முடிவு என்னவாக இருந்தாலும் ஒரு மாதத்துக்குள் எழுத்தில் வேண்டும், அதை மையத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
கருங்கல் பகுதியிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை